நண்டு, புற்று, கார்சினோமா



வீட்டில் யாருக்காவது உடம்பில் ஒரு கட்டி தென்பட்டு, அதிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால், முடிவு வரும்வரை அந்த வீடு எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அறிக்கை நம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. நீளமான ஆங்கிலப் பத்திகளுக்கு நடுவே "கார்சினோமா" என்று ஒரு சொல் இருக்கும். அதை இணையத்தில் தேடிப் பார்த்து, அரை மணி நேரத்தில் குடும்பமே ஒடிந்து உட்கார்ந்துவிடும். இதற்கு நேர்மாறாக, "கேன்சர் என்று எங்கேயும் போடவில்லையே, கார்சினோமா என்றுதானே இருக்கிறது" என்று நிம்மதியாகி, டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே கெடுதல்தான். முதலாவது தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இந்தச் சொல்லுக்கு ஏறக்குறைய 2400 வயது. அது எங்கே பிறந்தது, எப்படிப் பொருள் மாறியது, இன்று டாக்டர்கள் அதை எந்த அர்த்தத்தில் எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், அறிக்கையைக் கையில் வாங்கும்போது கொஞ்சம் தெளிவோடு வாங்கலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கிரேக்கத்து நண்டு

கிரேக்க மொழியில் "கார்கினோஸ்" என்றால் நண்டு. கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளில் ஹிப்போகிரட்டீசின் பெயரால் தொகுக்கப்பட்ட மருத்துவ நூல்களில் இந்தச் சொல் ஆறாத புண்ணுக்கும், இறுகிப்போன கட்டிக்கும் பெயராக வருகிறது. அதிலிருந்து பிறந்ததுதான் "கார்கினோமா". அப்தேரா என்ற ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு மார்பில் கார்கினோமா இருந்தது, காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிந்தது, அது நின்றபின் அவர் இறந்துபோனார் என்று ஒரு குறிப்பு அந்தத் தொகுப்பில் இருக்கிறது. இரண்டு மூன்று வரிக் குறிப்புதான். ஆனால் இன்றைய மருத்துவர் ஒருவர் படித்தால் நோய் எதுவாக இருந்திருக்கும் என்று ஊகித்துவிடுவார்.

அதே தொகுப்பில் இன்னொரு அறிவுரையும் உண்டு. உள்ளே மறைந்திருக்கும் கார்கினோஸுக்கு வைத்தியம் செய்யாமல் விடுவதே நல்லது. வைத்தியம் செய்தால் நோயாளி சீக்கிரம் இறக்கிறார், விட்டுவிட்டால் இன்னும் சில காலம் இருக்கிறார் என்பது அதன் சாரம். மயக்க மருந்தும் கிருமிநாசினியும் இல்லாத காலத்தில் அது அனுபவ உண்மையாக இருந்திருக்கலாம். அந்த அவநம்பிக்கை மட்டும் காலம் மாறியும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஏன் நண்டு? கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வைத்தியம் பார்த்த கேலன் ஒரு விளக்கம் தருகிறார்: மார்புக் கட்டியைச் சுற்றி இரத்தக் குழாய்கள் புடைத்துப் பரவி நிற்கும் தோற்றம் நண்டின் உடலையும் கால்களையும் போல இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் ஏஜினா தீவின் பவுல் என்ற மருத்துவர் இன்னொரு காரணத்தையும் எழுதிவைத்தார். நண்டு ஒன்றைப் பிடித்தால் விடாது, இந்த நோயும் அப்படித்தான் என்பது அது.

லத்தீனில் நண்டுக்குப் பெயர் "கேன்சர்". கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்ற ரோமானியர் எழுதிய மருத்துவ நூலில் "கேன்சர்", "கார்சினோமா" என்ற இரண்டு சொற்களும் வருகின்றன. அவரிடம் கேன்சர் என்பது அழுகிப் பரவும் புண்களையும் சேர்த்துக் குறிக்கும் பொதுச் சொல். முகம், உதடு, மூக்கு, பெண்களின் மார்பு ஆகிய இடங்களில் வருவதாக அவர் வர்ணிக்கும் கார்சினோமாதான் நாம் இன்று புற்றுநோய் என்று சொல்வதற்கு நெருக்கமாக இருக்கிறது. இரண்டு சொற்களும் அன்றே உறவாடிக்கொண்டும் வேறுபட்டும் இருந்தன என்பதை மனதில் வையுங்கள். அந்தக் குழப்பம்தான் இன்றும் நம் வீட்டு அறிக்கைவரை வருகிறது.

நாளிதழ் ராசிபலனில் கடக ராசிக்கு ஆங்கிலத்தில் "கேன்சர்" என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த நண்டுதான். வடமொழியின் "கர்க்கடகம்", கிரேக்கத்தின் "கார்கினோஸ்", லத்தீனின் "கேன்சர்" மூன்றும் உறவுச் சொற்கள் என்பது மொழியியலார் கருத்து. எனவே கடக ராசிக்காரர்கள் அந்தப் பெயரைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. ராசியும் நோயும் ஒரே பிராணியிடமிருந்து தனித்தனியாகப் பெயர் வாங்கியவை.

நம் பக்கத்தில் என்ன பெயர்?

கிரேக்க நண்டு பல மொழிகளுக்குப் போயிருக்கிறது. ஜெர்மன் மொழியில் இந்த நோய்க்கு "கிரெப்ஸ்", அரபியில் "சரத்தான்". இரண்டுக்கும் நண்டு என்றே பொருள். இந்தியிலும் மராத்தியிலும் "கர்க்க ரோகம்" என்று எழுதுகிறார்கள். அதுவும் நண்டு நோய்தான்.

மலையாளத்தில் வேறு சொல்: "அர்புதம்". நம் காதுக்கு "அற்புதம்" போல ஒலிக்கும், ஆனால் தொடர்பில்லை. சுசுருத சம்ஹிதையில் "அர்புதம்" என்ற கட்டி இருக்கிறது. உருண்டையாக, அசையாமல், அதிக வலியில்லாமல், மெதுவாக வளர்ந்து, ஆழமாக வேர்விட்டு, சீழ் பிடிக்காத சதைக் கட்டிக்கு அந்த நூல் வைத்த பெயர் அது. அதில் ஆறு வகை சொல்லி, இரத்தத்திலும் சதையிலும் தோன்றுபவை தீராதவை என்கிறது. ஒரு கட்டியின் மேல் இன்னொரு கட்டி தோன்றினாலும், இரட்டையாக எழுந்தாலும் அவற்றுக்குத் தனிப் பெயர்கள் உண்டு. வலியில்லாத, அசையாத கட்டியைக் கவனி என்பது இன்றைக்கும் டாக்டர்கள் சொல்லும் அறிவுரை.

தமிழில் நாம் நண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை, அர்புதத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. "புற்று" என்றோம். கறையான் கட்டும் புற்றுதான். வெளியே பார்த்தால் மண் மேடு. உள்ளே எத்தனை வழி எங்கெங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. மேலே தட்டிச் சமன் செய்தாலும் சில நாளில் மறுபடி எழும். கன்னப்புற்று, யோனிப்புற்று என உறுப்பின் பெயரோடு சேர்த்து வழங்கும் சொற்கள் சித்த மருத்துவத்தில் உண்டு. அரித்துக்கொண்டே போகும் ஆறாத புண் எல்லாவற்றுக்கும் பொதுவாக அந்தப் பெயர் பொருந்தியது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் அதற்குமேல் பிரித்துச் சொல்ல வழியும் இல்லை. நண்டு என்ற உவமை கட்டியின் வெளித் தோற்றத்தைச் சொல்கிறது. புற்று என்ற உவமை அது உள்ளே செய்யும் வேலையைச் சொல்கிறது. எதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமோ அதைப் பிடித்த சொல் நம்முடையது.

கட்டி, கழலை, பிளவை என்ற சொற்களையும் இங்கே பிரித்துக்கொள்வது நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்கு முதுகில் வரும் ராஜபிளவை கிருமியால் வரும் சீழ்க்கட்டி, புற்றுநோய் அல்ல. தோலுக்கடியில் மெத்தென்று உருளும் கொழுப்புக்கட்டியும் புற்றுநோய் அல்ல. எல்லாப் புற்றும் கட்டியாக வருவதில்லை, எல்லாக் கட்டியும் புற்று அல்ல.

கரும்பித்தமும் புகைக்கரியும்

பெயர் கிடைத்துவிட்டது, காரணம்? இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்கள் உடலில் உண்டு, கரும்பித்தம் மிகுந்து ஓரிடத்தில் தேங்கினால் கார்கினோமா வரும் என்றார் கேலன். இந்தக் கொள்கை சுமார் 1500 ஆண்டுகள் ஐரோப்பாவை ஆண்டது. நோய் உடம்பு முழுவதும் ஓடும் நீரில் இருக்கிறது என்றால் கட்டியை வெட்டி எடுத்து என்ன பயன்? ஆரம்ப நிலையிலேயே அறுத்து எடுக்கும் எண்ணம் வலுப்பெறாமல் போனதற்கு இந்தக் கொள்கையும் ஒரு காரணம். 1543இல் உடற்கூறு நூல் வெளியிட்ட வெசாலியஸ் பிணங்களை அறுத்துப் பார்த்தார். கரும்பித்தத்தை உடம்பில் எங்கும் காணவில்லை.

1757இல் பாரிஸ் அறுவை மருத்துவர் லெ திரான், இந்த நோய் முதலில் ஓரிடத்தில்தான் தொடங்குகிறது, பிறகே நிணநீர் முடிச்சுகள் வழியாகப் பரவுகிறது என்று எழுதினார். 1775இல் லண்டனில் பெர்சிவல் பாட் இன்னும் ஒரு படி போனார். புகைபோக்கிக் குழாய்களுக்குள் சிறு வயதிலிருந்தே இறங்கிச் சுத்தம் செய்த ஏழைத் தொழிலாளர்களுக்கு விதைப்பையின் தோலில் ஒருவகைப் புண் வருவதைக் கவனித்து, அங்கே படியும் புகைக்கரியே காரணம் என்றார். தொழிலால் வரும் புற்றுநோய் என்று ஒன்றை மருத்துவ உலகம் அடையாளம் கண்டது அப்போதுதான். விதி, பித்தம் என்ற பேச்சிலிருந்து, எதைத் தொட்டோம், எதைச் சுவாசித்தோம் என்ற கேள்விக்கு மருத்துவம் நகர்ந்தது.

நுண்ணோக்கி சொல்லைச் சுருக்கிய கதை

19ஆம் நூற்றாண்டில்தான் கார்சினோமாவுக்கு இன்றைய பொருள் வந்தது. 1838இல் ஜெர்மனியின் யோஹன்னஸ் முல்லர், கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்து, அவையும் செல்களால் ஆனவை என்று காட்டினார். அவருடைய மாணவர் ருடால்ஃப் விர்ஷோ 1858இல் வெளியிட்ட நூலில், எந்தச் செல்லும் இன்னொரு செல்லிலிருந்தே பிறக்கிறது, நோயும் செல்லில்தான் இருக்கிறது என்று நிறுவினார். அப்படியானால் புற்றுச் செல்லின் தாய்ச்செல் எது? உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசு என்று விர்ஷோ நினைத்தார். அது தவறு. 1865இல் கார்ல் தியர்ஷ் தோல் புற்று மேல்தோல் செல்லிலிருந்தே வருகிறது என்று காட்டினார். 1867இல் தொடங்கி வில்ஹெல்ம் வால்டேயர் மற்ற உறுப்புகளிலும் அப்படித்தான் என்று உறுதிப்படுத்தினார். பள்ளிப் பாடத்தில் நாம் படித்த "குரோமோசோம்" என்ற பெயரை 1888இல் வைத்தவரும் இதே வால்டேயர்தான்.

அன்றிலிருந்து கார்சினோமா என்றால், உடலின் போர்வைத் திசுவில் பிறந்த புற்றுநோய் என்று பொருள். "எபிதீலியம்" என்பார்கள். தோலின் மேல் அடுக்கு, வாயின் உட்புறம், உணவுக்குழாய், குடல், மூச்சுக்குழல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் உட்சுவர், மார்பகம், புராஸ்டேட் போன்ற சுரப்பிகளின் உள் அடுக்கு எல்லாம் இதில் அடங்கும். நம் அடுக்குமாடியோடு ஒப்பிட்டால், சுவருக்கு அடித்த பூச்சும் குழாய்களின் உட்பூச்சும் போல.

எலும்பு, தசை, கொழுப்பு போன்றவற்றில் பிறந்தால் "சார்கோமா". கிரேக்கத்தில் "சார்க்ஸ்" என்றால் சதை. நிணநீர் மண்டலத்தில் பிறந்தால் "லிம்போமா". இரத்தம் உற்பத்தியாகும் இடத்தில் பிறந்தால் "லுக்கீமியா". வெள்ளை இரத்தம் என்ற பொருளில் விர்ஷோ வைத்த பெயர் அது. எல்லா இட்லியும் டிபன்தான், எல்லா டிபனும் இட்லி ஆகிவிடாது அல்லவா? அதுபோல எல்லாக் கார்சினோமாவும் புற்றுநோய். எல்லாப் புற்றுநோயும் கார்சினோமா அல்ல. ஆனால் மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் கார்சினோமாதான். காரணம் எளிது. இந்தப் போர்வைத் திசு நாள்தோறும் தேய்ந்து புதுப்பிக்கப்படுகிறது, அதனால் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. வெயில், புகை, புகையிலை, கிருமி எல்லாம் முதலில் படுவதும் அதன்மேல்தான்.

பெயரின் பின்பாதி "ஓமா" என்பதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். "லைப்போமா" கொழுப்புக்கட்டி, "ஃபைப்ரோமா" நார்க்கட்டி, இரண்டும் பரவாதவை. "ஹீமட்டோமா" என்பது அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டிக்கொள்வது. "கிளாக்கோமா" கண்ணழுத்த நோய். அதே சமயம் "மெலனோமா", "லிம்போமா" என்ற பெயர்கள் சாதுவாகத் தோன்றினாலும் அவை புற்றுநோய்கள்தான். பெயரின் ஓசையை வைத்து நாமாக முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இவை போதும்.

நெய்யூரில் எழுதப்பட்ட ஒரு பக்கம்

இந்த வரலாற்றில் நம் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஓர், வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933இல் லண்டனின் "லான்செட்" இதழில் எழுதினார். கன்னத்தில் புகையிலையோடு தாம்பூலத்தை அடக்கிக்கொள்ளும் பழக்கத்தை நோயோடு சேர்த்துப் பார்த்த முன்னோடிக் கட்டுரைகளில் அது ஒன்று. அந்த நோயின் நுண்ணோக்கிப் பெயர் "ஸ்குவாமஸ் செல் கார்சினோமா"; வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் செதில் போன்ற தட்டைச் செல்களில் பிறப்பது. சுரப்பிச் செல்லில் பிறந்தால் "அடினோகார்சினோமா" என்று எழுதுவார்கள். குடல், மார்பகம், புராஸ்டேட் ஆகியவற்றில் பெரும்பாலும் இந்த வகைதான்.

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலையோடு போடும் தாம்பூலத்தை 1985இலும், புகையிலை இல்லாமல் பாக்கோடு போடுவதையும் 2004இல் வெளிவந்த தொகுதியிலும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று சொல்பவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். வாயில் வெள்ளைத் திட்டோ, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வாய் திறக்க முடியாமல் இறுக்கமோ இருந்தால் ஒருமுறை காட்டிவிடச் சொல்லுங்கள்.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு

அறிக்கையில் அடுத்துக் குழப்பும் இரண்டு சொற்கள் இவை. 1920இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆல்பர்ட் பிராடர்ஸ், உதட்டில் வரும் கார்சினோமாவை நான்கு கிரேடுகளாகப் பிரித்தார். நுண்ணோக்கியில் பார்க்கும்போது புற்றுச்செல் தன் தாய்ச்செல்லின் சாயலை எவ்வளவு வைத்திருக்கிறது என்பதே அளவுகோல். சாயல் நன்றாக இருந்தால் "வெல் டிஃபரன்ஷியேட்டட்". ஓரளவு இருந்தால் "மாடரேட்லி". சாயலே தெரியாவிட்டால் "பூர்லி". சாயல் குறையக் குறைய வேகம் கூடும் என்று கொள்ளலாம்.

ஸ்டேஜ் என்பது வேறு. கட்டி எவ்வளவு பெரியது, நிணநீர் முடிச்சுக்குப் போயிருக்கிறதா, தூரத்து உறுப்புக்குப் பரவியிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கான பதில். டி, என், எம் என்ற எழுத்துகளால் இதைக் குறிக்கும் முறையை 1940களில் பிரான்சின் பியர் தெனுவா உருவாக்கினார். "கிரேடு 3" என்று படித்துவிட்டு "மூணாவது ஸ்டேஜாம்" என்று உறவினர்களுக்கெல்லாம் தகவல் போய்விடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிரேடு 3 ஆக இருந்தாலும் ஸ்டேஜ் 1 ஆக இருக்க முடியும்.

அதே பிராடர்ஸ் 1932இல் இன்னொரு சொற்றொடரையும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்: "கார்சினோமா இன் சிட்டு". போர்வைத் திசுவுக்கு அடியில் மெல்லிய சவ்வு ஒன்று எல்லைக் கோடு போல இருக்கிறது. செல்கள் புற்றுத் தோற்றம் பெற்றுவிட்டன, ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்றால் அது "இன் சிட்டு", இருந்த இடத்திலேயே இருப்பது. தாண்டிவிட்டால் "இன்வேசிவ்". கருப்பைவாய்ப் புற்றுக்கான பாப் ஸ்மியர் சோதனையின் நோக்கமே, கோட்டைத் தாண்டும் முன்பு ஆளைப் பிடித்துவிடுவதுதான். அந்த நிலையில் பிடித்தால் சிறு சிகிச்சையோடு முடிந்துவிட வாய்ப்பு மிக அதிகம்.

ஒரு சொல்லை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

கார்சினோமா என்று பெயர் வைத்தாலே நோயாளி அறுவை, கதிர்வீச்சு என்று எல்லா எல்லைக்கும் போகத் தயாராகிவிடுகிறார், மருத்துவரும்தான். அதனால் கடந்த முப்பது ஆண்டுகளாக, தேவையில்லாத இடங்களிலிருந்து இந்தச் சொல்லை மருத்துவர்களே நீக்கி வருகிறார்கள்.

சிறுநீர்ப்பையில் வரும், மிகக் குறைந்த ஆபத்துள்ள ஒருவகை வளர்ச்சியை கார்சினோமா என்று அழைக்க வேண்டாம் என்று 1998இல் நிபுணர்கள் முடிவெடுத்தார்கள். 2016இல் தைராய்டின் முறை வந்தது. உறைக்குள் அடங்கி, எதையும் ஊடுருவாத ஒருவகைக் கட்டி அதுவரை "பாப்பிலரி கார்சினோமா" பட்டியலில் இருந்தது. அப்படிப்பட்ட கட்டி இருந்த 109 பேரைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்ததில், ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. எனவே பெயரிலிருந்து கார்சினோமாவை எடுத்துவிட்டு, "நியோபிளாசம்", அதாவது புதுவளர்ச்சி என்று மாற்றினார்கள். மார்பகத்தில் "லோபுலர் கார்சினோமா இன் சிட்டு" என்பதும் 2018 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க ஸ்டேஜ் வகைப்பாட்டில் புற்றுநோய்க் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. பெயரில் கார்சினோமா இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், வருங்காலத்தில் கவனமாக இருக்கச் சொல்லும் எச்சரிக்கையாகவே அதை இப்போது பார்க்கிறார்கள்.

இதனால் உங்களுக்கு என்ன? பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கை ஒன்று வீட்டுப் பீரோவில் இருந்தால், அதில் உள்ள பெயர் இன்றைக்கு வேறு பொருளில் இருக்கலாம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள்.

வாய்விட்டுச் சொல்வது

சொல்லுக்கு அஞ்சுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. 1961இல் அமெரிக்க மருத்துவர்களிடம் கேட்டபோது, புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புகிறோம் என்று 90 சதவீதம் பேர் சொன்னார்கள். 1979இல் அதே கேள்விக்கு, சொல்லிவிடவே விரும்புகிறோம் என்று 97 சதவீதம் பேர் சொன்னார்கள். இடையில் இருந்த 18 ஆண்டுகளில் சிகிச்சை முன்னேறியது. சொன்னால் செய்வதற்கு ஏதாவது இருந்தது. 1978இல் எழுத்தாளர் சூசன் சான்டாக், தாமே மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டுவந்த பின், இந்த நோயை எல்லாக் கெடுதலுக்கும் உவமையாக்கிப் பேசுவது நோயாளிகளைக் கூனிக்குறுக வைக்கிறது என்று ஒரு நூலே எழுதினார். மேடையில் "சமுதாயத்தைப் பீடித்த புற்றுநோய்" என்று முழங்குபவர்கள் முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசிப்பதில்லை.

சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இந்த நோயால் தம் தங்கையை 1923இல் இழந்தார். புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் முயன்றபோது, எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்ற கேள்வியே எதிரே நின்றது. ஹிப்போகிரட்டீஸ் காலத்து அவநம்பிக்கை அவ்வளவு தூரம் வந்திருந்தது. 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் திறந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். ஆரம்பத்திலேயே வந்தால் குணப்படுத்தலாம் என்று டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் இன்றும் பல வீடுகளில் "அந்த வியாதி" என்றுதான் பேச்சு. அப்பாவிடம் சொல்ல வேண்டாம், பக்கத்து பிளாக்குக்குத் தெரிய வேண்டாம் என்ற கட்டுப்பாடு. நோயாளிக்குத் தெரியாமல் கீமோதெரபி கொடுக்க முடியாது. தலைமுடி உதிரும்போது அவருக்கே தெரிந்துவிடும். அதுவரை தனியாகப் பயந்துகொண்டிருப்பவர் அவர்தான். எப்போது, எப்படிச் சொல்வது என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். அவரே கேட்டால் பொய் சொல்லாமல் இருப்பது நல்லது. அக்கம்பக்கத்தாரான நாமும் ஒன்று செய்யலாம். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாம், மருத்துவமனைக்குக் கார் ஓட்டலாம். "எங்க ஒண்ணுவிட்ட மாமாவுக்கும் இதேதான், ஆறே மாசம்" என்ற கதையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

அறிக்கை கைக்கு வந்தால்

கார்சினோமா என்று இருந்தால் அது புற்றுநோய்தான் என்று எடுத்துக்கொண்டு, தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். அதோடு நின்றுவிடாமல், அவரிடம் இந்த ஐந்தையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

1. எந்த உறுப்பில், எந்த வகைச் செல்லில் பிறந்தது?
2. இன் சிட்டுவா, இன்வேசிவா?
3. கிரேடு என்ன?
4. ஸ்டேஜ் என்ன? தெரியாவிட்டால் அதற்கு இன்னும் எந்த ஸ்கேன் வேண்டும்?
5. அறுத்து எடுத்திருந்தால், எடுத்த துண்டின் ஓரங்களில் புற்றுச்செல் இருக்கிறதா?

"சஜஸ்டிவ் ஆஃப்" என்றிருந்தால் சந்தேகம் பலமாக இருக்கிறது, இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். "நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி" என்றிருந்தால் எடுத்த துண்டில் புற்று இல்லை என்று பொருள். கட்டி தொடர்ந்து வளர்ந்தால் மறுபடி காட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால், ஆய்வுக்கூடத்திலிருந்து கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி, இன்னொரு நோய்க்கூறு மருத்துவரிடம் காட்டலாம். அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். வேறு டாக்டரின் கருத்தைக் கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பதும் ஆகாது.

இந்தப் பக்கத்தை அச்செடுத்து அறிக்கைகள் வைக்கும் கோப்பில் செருகி வையுங்கள். அந்த ஐந்து கேள்விகள் உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும். தேவைப்பட்டால், தேடாமல் கைக்குக் கிடைக்கட்டும்.